ஃபீனிக்ஸில் ஆடிப்பட்டம் கிடையாது

மதுரை வெயிலில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா என்று, அரிசோனா வந்த முதல் வருஷம் மே மாதத்தில் ஆறு தக்காளி நாற்று வாங்கி நட்டேன். கடையில் விற்கிறார்களே, நடுகிற காலமாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். செடி நன்றாகத்தான் பூத்தது, ஆனால் அத்தனை பூவும் கொட்டிவிட்டது. பகல் 35 டிகிரியைத் தாண்டி இரவும் தணியாமல் இருந்தால் தக்காளியின் மகரந்தம் கெட்டுவிடும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் காய் பிடிக்காது. 2023 கோடையில் ஃபீனிக்ஸ் தொடர்ந்து 31 நாள், பகல் உச்ச வெப்பம் 43 டிகிரிக்குக் குறையாமல் கொதித்தது.

அதனால் முதலில் பட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள். தக்காளி, மிளகாய் நாற்றுகள் பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் மண்ணில் இறங்கிவிட வேண்டும். முள்ளங்கி, கேரட், முட்டைகோஸ், கொத்தமல்லி, வெந்தயக்கீரை எல்லாம் அக்டோபரில். கோடையைத் தாங்குவது நம்ம ஆட்கள்தான்: வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, தண்டுக்கீரை. ஃபீனிக்ஸ் இருக்கும் மேரிக்கோப்பா கவுண்டிக்கென்றே (நம்மூர் மாவட்டம் மாதிரி) அரிசோனா பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவு நடவு நாட்காட்டி போட்டிருக்கிறது. இலவசம்தான், எடுத்துச் சமையலறையில் ஒட்டிவையுங்கள்.

மரம் வைக்கும் முன் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் நின்றால் அடியில் கலீச்சி இருக்கிறது. நம்மூர்ச் சுக்கான் மாதிரி இறுகிய சுண்ணாம்புப் படிவம். கடப்பாரையால் உடைத்துவிடலாம், முடியாவிட்டால் இடத்தை மாற்றுங்கள். மாதுளை, அத்தி இரண்டும் இந்தக் கார மண்ணில் தலைவலி கொடுக்காத மரங்கள். எலுமிச்சை, ஆரஞ்சும் வரும், ஆனால் வெயில் படும் அடிமரத்துக்கு வெள்ளை அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பட்டை வெந்து வெடிக்கும்.

தினமும் கொஞ்சம் தெளிப்பது இங்கே கெடுதல். தண்ணீர் உப்பு, மேலாகத் தெளித்தால் ஆவியாகி மண்ணில் உப்புப் பூத்துவிடும். இடைவெளி விட்டு, காய்கறிக்கு ஓரடி, மரத்துக்கு இரண்டு மூன்று அடி இறங்கும்படி நிதானமாகப் பாய்ச்சுங்கள். மேலே மரத்தூளோ வைக்கோலோ மூடாக்குப் போடுங்கள். மேற்கு வெயிலுக்கு நிழல்வலை அவசியம். வாடகை வீடா? தொட்டிகளைக் கிழக்குப் பக்கம் வையுங்கள், கறுப்புத் தொட்டி வேண்டாம், வேர் வெந்துவிடும். மதியத்தில் ஹோஸைத் திறந்ததும் வருவது வெந்நீர், அதைக் கொஞ்சம் ஓடவிட்ட பிறகுதான் செடிப் பக்கம் திருப்ப வேண்டும்.

கறிவேப்பிலைக் கன்றை வேறு மாநிலத்திலிருந்து காரில் கொண்டுவராதீர்கள். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்புகிற பூச்சி அதில் தங்கும் என்பதால் கட்டுப்பாடு உண்டு. உள்ளூர் நர்சரியிலேயே கிடைக்கிறது. ஊரிலிருந்து விதைப் பொட்டலம் கொண்டுவருவதற்கும் சான்றிதழ் கேட்பார்கள், அம்மா கட்டிக் கொடுத்தாலும் சரி.

ஜனவரியில் சில இரவுகள் உறைபனி இறங்கும். கறிவேப்பிலை மேல் பழைய பெட்ஷீட் போர்த்தி, காலையில் எடுத்துவிடுங்கள். முருங்கை கருகினால் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். என்னுடையது பட்டுப்போனதென்றே நினைத்தேன், மார்ச்சில் அடியிலிருந்து துளிர்த்து வந்தது.