கழக ஜேர்சியில் இருப்பது ஹிட்லரின் எழுத்தா?

உப்புவெளியான்: நமது கழகத்தின் புதிய ஜேர்சியில் ஆங்கிலத்தில் ‘டிரிங்கோ’ என்று ஹிட்லரின் எழுத்தில் அடித்திருக்கிறார்களாம், நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த அச்செழுத்து வடிவத்தின் பெயர் ஃபெட்டே ஃபிராக்டூர்; ஃபிராக்டூர் என்ற பழைய ஜேர்மன் எழுத்து வகையைச் சேர்ந்தது. யோகான் கிறிஸ்டியான் பாவர் 1850இல் வடித்த தடித்த விளம்பர எழுத்து. ஹிட்லர் பிறந்ததே 1889இல். போதாததற்கு, 1941 ஜனவரி 3ஆம் திகதி இந்த வகை எழுத்துகளை நாசிகளே தடைசெய்தார்கள். வாய்க்கு வந்ததை எழுதுமுன் படித்துவிட்டு வாருங்கள்.

டொக்யார்ட் வீதி: எழுதியவன் நான்தான். ஒளிந்துகொள்ளவில்லை. 1933இல் ஆட்சிக்கு வந்தவர்கள் 1941வரை சுவரொட்டிகளில் எதை அடித்தார்கள்? அதைச் சொல்லுங்கள்.

உப்புவெளியான்: தடைசெய்தார்கள். ஹிட்லரின் உதவியாளர் போர்மான் கையொப்பமிட்ட சுற்றறிக்கை இருக்கிறது. ‘யூத எழுத்து’ என்று பொய்க் காரணம் காட்டித் தடைசெய்தார்கள்.

டொக்யார்ட் வீதி: தடைசெய்யுமுன்?

உப்புவெளியான்: 1941. எத்தனை தடவை எழுதுவது?

நிலாவெளி மைந்தன்: அண்ணை சொல்வது சரி. குட்டன்பேர்க் 1450களில் அச்சிட்ட பைபிளே கரிய எழுத்துத்தான், ஃபிராக்டூரும் சேர்ந்த குடும்பம். நியூயோர்க் டைம்ஸின் தலைப்பும் அதே குடும்பம். அவர்களும் நாசிகளா?

கடற்கரைக்காரி: மூவரும் ஜேர்மனிக்குப் போய்விட்டீர்கள். ஜேர்சியை யாராவது வாசித்துப் பார்த்தீர்களா? அத்தனையும் பேரெழுத்து! ஃபிராக்டூரில் பேரெழுத்து சொல்லின் தலையில் ஒன்று நிற்பதற்குத்தான். பின்னால் சிற்றெழுத்து வர வேண்டும். வரிசையாக நிறுத்தினால் கொக்கியும் வளைவும் சிக்கி, எது எந்த எழுத்து என்றே தெரியாது. ஐயும் ஜேயும் அதில் அநேகமாக ஒரே உருவம். மக்கெய்சர் மைதானத்தில் பார்வையாளர் பகுதியிலிருந்து எவரால் அதை வாசிக்க முடியும்?

உப்புவெளியான்: தங்கச்சி, கம்பீரத்துக்காக வைத்தது. வாசிப்பதற்குப் பத்திரிகை இருக்கிறது.

கடற்கரைக்காரி: பெயரை வாசிக்க முடியாத ஜேர்சியில் என்ன கம்பீரம்?

டொக்யார்ட் வீதி: ‘வைத்தது’ என்கிறார், கவனித்தீர்களா? அப்படியென்றால் தெரிவுசெய்தவர் இவர்தான். செயற்குழுவைக் கேட்டாரா? போன வருடப் பரிசளிப்புப் பதாகையிலும் கழகத்தின் பெயரைப் பிழையாக அடித்தவர் இவர்தானே?

உப்புவெளியான்: அந்தப் பதாகைக் காசில் பாதி இன்னும் என் கைக்கு வரவில்லை. அப்போது பொருளாளர் யார் என்று ஊருக்கே தெரியும்.

டொக்யார்ட் வீதி: பிழையான பதாகைக்கு முழுக்காசு கேட்கிறவரிடம் வரலாறு படிக்க வேண்டிய நிலை எனக்கு வரவில்லை.

நிலாவெளி மைந்தன்: எனக்கு எக்ஸ்எல் அளவு கேட்டிருந்தேன், எம் தந்திருக்கிறார்கள். அதை யாரிடம் மாற்றுவது?

உப்புவெளியான்: பேச்சை மாற்ற வேண்டாம். 1941 ஜனவரி 3. தடைசெய்தார்களா, இல்லையா?

டொக்யார்ட் வீதி: எட்டு வருடம் பயன்படுத்தினார்களா, இல்லையா?

கடற்கரைக்காரி: எது ‘ஐ’, எது ‘ஜே’ என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

உப்புவெளியான்: வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு அந்தச் சுற்றறிக்கையின் பிரதியோடு வருகிறேன்.

டொக்யார்ட் வீதி: வாருங்கள். பதாகையின் பற்றுச்சீட்டையும் கொண்டு வாருங்கள்.