விதி வருவதற்கு முன்பே இருந்த தொழிலுக்கும் புது விதியா?

கேள்வி (சிறுதொழிலாளி):

மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சின்னத் தொழில். பல வருடமாக ஒரே கட்டடம், உரிமத்தைக் கெடு தவறாமல் புதுப்பித்து வந்திருக்கிறோம், எங்கள் மேல் ஒரு புகாரும் கிடையாது. இந்த முறை புதுப்பிக்கப் போனால் உள்ளாட்சியில் புது விதி வந்துவிட்டது என்கிறார்கள். தீப் பாதுகாப்புச் சான்று, கட்டடப் பயன்பாட்டுச் சான்று, கழிவு அகற்றும் ஒப்பந்தம், மூன்றும் வேண்டுமாம். முதலாவதை வாங்கப் போனால் இரண்டாவது எங்கே என்று கேட்கிறார்கள், இரண்டாவதுக்குப் போனால் நடப்பு உரிமத்தைக் காட்டு என்கிறார்கள். அதைப் புதுப்பிக்கத்தானே இவ்வளவு அலைச்சலும்! இதற்கிடையில் அபராத நோட்டீஸும் வந்துவிட்டது.

பல கிளைகள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் எங்களுக்கும் ஒரே படிவம், ஒரே கெடு. விதி வருவதற்கு முன்பே இருந்தவர்களுக்கு விலக்கு என்று ஒன்று கிடையாதா? எதிர்த்துக் கேட்பதில் பலன் உண்டா, இல்லை பேசாமல் காசைக் கட்டிவிட்டு வேலையைப் பார்ப்பதா?

பதில் 1 (கணக்கப்பிள்ளை):

ஒரே படிவம் என்பதால் சுமையும் ஒன்று என்று ஆகிவிடாது. ஒரு சான்று வாங்க ஆகும் செலவு, தொழில் பெரிதா சிறிதா என்று பார்த்து மாறுவதில்லை. பெரிய நிறுவனத்தில் இதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் இருப்பார், அவருடைய செலவு எல்லாக் கிளைகளிலும் பிரிந்துவிடும். உங்களுக்கு அலைபவரும் நீங்களே, அன்றைக்கு வருமானத்தை இழப்பவரும் நீங்களே. அலைந்த நேரத்தை யாரும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை, அதனால் விதி போடுகிறவர்களுக்கும் அது தெரிவதில்லை.

1983-ல் பெருவில் பொருளியல் அறிஞர் ஹெர்னாண்டோ டி சோட்டோவின் குழு இதைச் செய்தே பார்த்தது. லிமா நகரின் ஓரத்தில் ஒரு சின்னத் தையல் பட்டறைக்கு, குறுக்கு வழி தேடாமல் முறைப்படி அனுமதி வாங்க முயன்றார்கள். 289 நாள் ஆனது! அவ்வளவு நாள் வருமானமில்லாமல் காத்திருக்க யாரால் முடியும்? பலர் பதிவே செய்யாமல் தொழில் நடத்துவதற்கு நேர்மைக் குறைவு மட்டும் காரணமில்லை.

சிறுதொழில் மேல் என்ன பாதிப்பு என்று பார்த்துவிட்டுத்தான் விதி போட வேண்டும் என்று அமெரிக்காவில் 1980-லேயே சட்டம் வந்தது. ஆனால் அது கூட்டரசின் துறைகளுக்குத்தான், நகர நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தாது. வியாபாரியின் வாசலுக்கு வந்து நிற்பது என்னவோ நகர நிர்வாகம்தான்.

பதில் 2 (முன்னாள் ஆய்வாளர்):

எல்லாரும் திட்டப்போகிறீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். ஆய்வுக்குப் போகும் வேலையில் இருந்தவன் நான். கழிவு ஒப்பந்தம், பெயர்ப்பலகை அளவு இதிலெல்லாம் காலம் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். தீப் பாதுகாப்பில் மட்டும் ‘நாங்கள் முன்பே இருந்தோம்’ என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன்.

2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு இரவு விடுதி எரிந்து 100 பேர் இறந்தார்கள். அது பெரிய நிறுவனம் ஒன்றும் இல்லை, உள்ளூர்க்காரர்கள் நடத்திய சின்ன இடம். மேடையில் கொளுத்திய வாணத்தின் பொறி, சத்தத்தை அடக்கச் சுவரில் ஒட்டியிருந்த நுரைப் பஞ்சில் பட்டது. தானாக நீர் தெளிக்கும் அமைப்பு அங்கே இல்லை. பழைய கட்டடங்களுக்கு இருந்த சலுகையை அதே வருடம் அந்த மாநிலம் எடுத்துவிட்டது. ஆய்வுக்கு வந்துபோனவரும் அந்த நுரையைக் குறித்து வைக்கவில்லை, அதையும் சேர்த்தே சொல்கிறேன், எங்கள் தரப்பு சுத்தம் என்று நான் சொல்லவரவில்லை.

உங்கள் விஷயத்தில் தப்பு எங்கே என்றால், ஒரு சான்றுக்கு இன்னொன்றைக் கேட்கும் அந்தச் சுழல். அது விதியில் இருக்காது, பெரும்பாலும் மேசையில் இருப்பவர் தன் பாதுகாப்புக்காகச் சேர்த்துக்கொள்வது. எந்த விதியின் எந்தப் பிரிவில் இது இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

பதில் 3 (எதிர்க்கேள்வி):

இந்த விதியைக் கேட்டு வாங்கியது யார் என்று விசாரித்தீர்களா? உள்ளாட்சி தானாக உட்கார்ந்து யோசித்துப் போட்டது என்று நினைக்காதீர்கள். பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்ளர் 1971-லேயே எழுதிவிட்டார்: ஒரு தொழிலைக் கட்டுப்படுத்தும் விதியைப் பல நேரம் அந்தத் தொழிலில் ஏற்கெனவே ஊன்றியவர்களே விரும்பி வாங்கிக்கொள்கிறார்கள், புதிதாக வருபவனுக்கு அதுதான் தடுப்புச் சுவர்.

சிகாகோவில் வண்டியில் வைத்து உணவு விற்பவர்கள் உணவகத்திலிருந்து 200 அடிக்குள் நிற்கக் கூடாது, வண்டியில் இருப்பிடம் காட்டும் கருவியும் பொருத்த வேண்டும் என்று விதி. அங்கே யாருடைய உயிருக்கு ஆபத்து? வண்டிக்காரர் ஒருவர் வழக்குப் போட்டார், 2019-ல் மாநில உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. வாடகையும் வரியும் கட்டும் உணவகங்களைக் காப்பது நகரத்தின் நலன்தானாம்.

நியூயார்க் இன்னும் மோசம். தெரு உணவு விற்பனை உரிமங்களுக்கு 1980-களில் உச்சவரம்பு வைத்தார்கள். அப்புறம் என்ன, உரிமம் வைத்திருந்தவர்கள் அதைக் கறுப்புச் சந்தையில் பல மடங்குக்கு வாடகைக்கு விட்டார்கள், வெயிலில் நின்று விற்றவர்களுக்கு உரிமம் சொந்தமில்லை. கூடுதல் உரிமங்களுக்கு நகர மன்றம் வழி செய்தது 2021-ல்தான். முன்னாள் ஆய்வாளர் சொல்வது தீ விஷயத்தில் சரி. ஆனால் பொதுநலம் என்ற பெயரில் வரும் எல்லா விதியும் அந்த வகை இல்லை.

சிறுதொழிலாளி:

தீச் சான்றை நான் மறுக்கவே இல்லை, வாங்கத் தயார். வாங்க விட்டால்தானே! வரைவு விதி வந்தபோது ஆட்சேபம் சொல்லக் காலம் கொடுத்தோம் என்கிறார்கள். அறிவிப்பு எங்கே ஒட்டினார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பெரிய நிறுவனத்தின் ஆள் அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தார் என்பது இப்போதுதான் காதுக்கு வருகிறது.

பதில் 4 (படிவம் நிரப்பி):

பழைய தொழிலுக்கு விலக்கு உண்டா என்ற கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. எந்தப் பகுதியில் எந்தத் தொழில் நடத்தலாம் என்று சொல்லும் நில மண்டல விதிகளில் பல நாடுகளில் உண்டு. விதி வரும் முன் சட்டப்படி நடந்த பயன்பாடு அப்படியே தொடரலாம். ஆனால் விரிவாக்கினாலோ, குறிப்பிட்ட காலம் மூடி வைத்தாலோ அந்த உரிமை போய்விடும். அதனால் ‘சான்று வரும்வரை கொஞ்ச நாள் மூடி வையுங்கள்’ என்று யாராவது நல்லெண்ணத்தோடு சொன்னாலும் கேட்காதீர்கள், மூடித்தான் ஆகவேண்டும் என்றால் ஏன் மூடுகிறீர்கள் என்று தேதியோடு எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பாதுகாப்பு, சுகாதார விதிகளுக்கு இந்த விலக்கு பொதுவாகக் கிடைக்காது, அங்கே கேட்க வேண்டியது கால அவகாசம்.

இன்னொன்று, விண்ணப்பம் போட்டுக் கெடுவுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று சில இடங்களில் சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் சேவைத் தொழில்களுக்கு 2006-ல் கொண்டுவந்த நெறிமுறையில் இது உண்டு, சில விலக்குகளோடு. உங்கள் உள்ளாட்சிச் சட்டத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் முழுமையான விண்ணப்பத்தைக் கொடுத்த தேதிதான் உங்கள் பிடி. ஆகவே மூன்றையும் ஒரே நாளில் போடுங்கள், ஒன்றுக்கொன்று காத்திருக்காதீர்கள். திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

அபராதம்: கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சில இடங்களில் எடுத்துக்கொள்வார்கள், அடுத்த முறை ‘மீண்டும் மீறினார்’ என்று தொகை கூடும். மேல்முறையீட்டுக் கெடு நோட்டீஸின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், பெரும்பாலும் அது குறுகியது. இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கெடு முடியவில்லை என்றால் நோட்டீஸில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று இங்கே எழுதுங்கள், ஊர், பெயர், எண் எதுவும் வேண்டாம்.