மாயாவியை வரைந்தவர் பெயர் எங்கே?

சித்திரக்குள்ளன்:
இரும்புக்கை மாயாவி காமிக்ஸ் மறுபதிப்பு என்றால் தாளின் தரம், வண்ணம், விலை பற்றி நாள்கணக்கில் பேசுகிறோம். வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோவின் பெயர் உள்ளே இருக்கிறதா என்று யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. பழைய கதைகளைத் தொகுத்து விற்பவர் யாராக இருந்தாலும், எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போட்டே ஆகவேண்டும் என்பது என் கட்சி.

பழைய பேப்பர்:
எய்தவன் இருக்க அம்பை ஏன் சார் நோகிறீர்கள்? 1962இல் லண்டன் 'வேலியன்ட்' வார இதழில் மூலத் தொடர் ஆரம்பித்தபோதே எழுதியவர், வரைந்தவர் பெயர் கிடையாது. 1972இல் சிவகாசி முத்து காமிக்ஸின் முதல் இதழாக மாயாவி வந்தபோது, மூலத்திலேயே இல்லாத பெயரை சிவகாசியில் எங்கே போய்த் தேடுவது?

சித்திரக்குள்ளன்:
1972க்கு அந்தச் சமாதானம் சரி, இன்றைக்குச் செல்லாது. அப்புறம், பெயர் விட்டுப்போனது தற்செயலும் இல்லை. ஓவியர் ஒரு கட்டத்தின் மூலையில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டால்கூட, வெள்ளை மை பூசி அதை மறைத்த ஆசிரியர்கள் அந்தக்கால பிரிட்டிஷ் காமிக்ஸில் உண்டு. ஆள் யாரென்று தெரிந்தால் போட்டிப் பத்திரிகை கொத்திக்கொண்டு போய்விடுமே! 1977இல் தொடங்கிய '2000 ஏ.டி.' என்ற பிரிட்டிஷ் காமிக்ஸ் இதழில்தான், அங்கே வேலை பார்த்த கெவின் ஓநீல், எழுதியவர், வரைந்தவர் பெயரைச் சொல்லும் பெயர்ப்பெட்டியை நுழைத்தார், அதுவும் மேலிடத்தைக் கேட்காமலே.

பழைய பேப்பர்:
கூலி வாங்கிக்கொண்டு உரிமையை எழுதிக் கொடுத்தவர்கள்தானே? ஒப்பந்தத்தில் இல்லாததை இப்போது கேட்பது என்ன நியாயம்?

சித்திரக்குள்ளன்:
ஒப்பந்தம் காசுக்கு. வரைந்த கையை அது மாற்றிவிடாது. பேட்மேனைப் பாருங்கள். 1939 முதல் பாப் கேன் பெயர் மட்டும்தான். கூடவே இருந்து உருவாக்கிய பில் ஃபிங்கர் 1974இல் இறந்துபோனார். அவர் பெயர் முறையாகச் சேர்ந்தது 2015இல். அதனால் பேட்மேனை வெளியிடும் டிசி கம்பெனி ஒன்றும் திவாலாகிவிடவில்லை.

மையூற்று:
இருவரும் சுலபமாகப் பேசுகிறீர்கள். மாயாவியின் தொடக்கக் கதைகள் கென் பல்மர் எழுதியவை, பிறகு டாம் டுல்லி. பிளாஸ்கோவோடு அவருடைய சகோதரர்களும் சேர்ந்து வேலை செய்தவர்கள். ஆள் முழுக்க மறைந்து, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கும் கட்டத்தில் அந்தக் கறுப்பு மை யார் தீட்டியது? ஊகத்தில் ஒரு பெயரைப் போட்டால் அடுத்த பதிப்பும் அதையே காப்பியடிக்கும். பிறகு யாராலும் திருத்த முடியாது.

சித்திரக்குள்ளன்:
அதற்காக ஒன்றுமே போடாமல் விடுவதா? உறுதியாகத் தெரிந்ததைப் போடட்டும், மிச்சத்துக்கு 'பெயர் தெரியவில்லை' என்று அச்சடிக்கட்டும். 'வேலியன்ட்' இதழை வெளியிட்ட ஃப்ளீட்வேயின் பழைய கதைகளை வாங்கிய ரெபெல்லியன் நிறுவனம் இப்போது தன் தொகுப்புகளில் பெயர் போடுகிறதே.

பழைய பேப்பர்:
சரி, உள்பக்கத்தில் ஒரு வரி போடட்டும், ஆட்சேபணை இல்லை. அட்டையில் மட்டும் வேண்டாம். அங்கே மாயாவிக்குத்தான் இடம்.

சித்திரக்குள்ளன்:
அட்டையிலும் வேண்டும். புத்தகத்தின் முதுகிலும் வேண்டும்.