ஃபிக்சர் ஷெட்யூலில் டோட்டல் வருது, ஆனா எதோட டோட்டல்? உங்க அனுபவத்தையும் எழுதுங்க

ரெவிட்டில் (கட்டட மாடல் செய்யும் மென்பொருள்) பிளம்பிங் ஃபிக்சர் ஷெட்யூல் (டாய்லெட், பேசின் போன்றவற்றின் பட்டியல்) போட்டேன், கூட்டுத்தொகை வரவில்லை என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் நான் பார்த்ததை இங்கே போட்டு வைக்கிறேன்.

பாதிப் பேர் சார்ட்டிங் பக்கத்தில் கிராண்ட் டோட்டல்ஸை டிக் செய்துவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் கீழே மொத்த எண்ணிக்கை மட்டும்தான் வரும், காலம் (நெடுவரிசை) எல்லாம் காலியாக இருக்கும். ஃபார்மேட்டிங் பக்கத்துக்குப் போய் ஒவ்வொரு காலத்துக்கும் தனித்தனியாக கால்குலேட் டோட்டல்ஸ் கொடுக்க வேண்டும். மாடிவாரியாக வேண்டுமென்றால் லெவலை வைத்து சார்ட் செய்து ஃபுட்டரையும் டிக் செய்யுங்கள். இவ்வளவுதான்.

கொடுக்கப் போனால் அந்த இடம் மங்கலாக இருக்கிறதா? அந்த பேராமீட்டர் (அந்தக் காலத்தில் வரும் விவரம்) டெக்ஸ்ட் டைப்பில் இருக்கிறது என்று அர்த்தம். எங்களுக்கு வந்த ஒரு டெம்ப்ளேட்டில் தண்ணீர் அளவை "6 லிட்டர்" என்று எழுத்தாகவே அடித்து வைத்திருந்தார்கள், அதை எப்படிக் கூட்டும்? ஷேர்டு பேராமீட்டரின் (பல ஃபைல்களுக்குப் பொதுவானது) டைப்பைப் பிறகு மாற்றவும் முடியாது, நம்பர் டைப்பில் புதிதாக ஒன்று போட்டு மதிப்புகளை மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

எனக்கு ரொம்ப வேடிக்கையாகப் பட்டது விலைக் காலம். ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரி காட்டும் ஐட்டமைஸ் எவ்ரி இன்ஸ்டன்ஸை எடுத்துவிட்டு காஸ்ட்டுக்கு டோட்டல் கொடுத்தால், 4,500 ரூபாய் வாஷ் பேசின் 12 இருக்கும் வரியில் 54,000 என்று காட்டும். தலைப்பு என்னவோ "விலை" என்றுதான் இருக்கும். கிளையன்ட் பக்கத்திலிருந்து "என்ன சார், பேசின் தங்கத்துல செஞ்சதா" என்று போன் வந்தது! கவுன்ட்டை ஃபார்முலாவில் பயன்படுத்த ரெவிட் விடாது, அதனால் விலையை எண்ணிக்கையால் பெருக்கும் வழி அடைபட்டுவிடுகிறது. காஸ்ட்டை டோட்டல் இல்லாமல் அப்படியே விட்டுவிட்டு, கரன்சி டைப்பில் ஒரு கால்குலேட்டட் வேல்யூ (ஃபார்முலாவால் நிரம்பும் காலம்) போட்டு, ஃபார்முலாவில் காஸ்ட் என்று மட்டும் கொடுத்து, அதற்கு டோட்டல் கொடுத்தால் ஒரு விலையும் மொத்த விலையும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடும்.

————

அண்ணா, நாங்கள் அமெரிக்க வேலை செய்கிறவர்கள், எங்கள் தொல்லை ஃபிக்சர் யூனிட், அதாவது ஒரு ஃபிக்சரின் தண்ணீர்த் தேவையைக் குறிக்கும் எண். ஐபிசி (இன்டர்நேஷனல் பிளம்பிங் கோட்) அட்டவணைப்படி வீட்டு வாஷ் பேசினுக்கு குளிர்நீர் 0.5, வெந்நீர் 0.5, மொத்தம் 0.7. ஆமாம், 1.0 இல்லை. அதனால் மூன்றும் தனித்தனிக் காலமாக இருந்து தனித்தனியாகக் கூட்டப்பட வேண்டும். ஒரு ரிவியூவில் குளிர்நீர் டோட்டலையும் வெந்நீர் டோட்டலையும் கூட்டிப் பார்த்துவிட்டு "உங்கள் மொத்தம் தப்பு" என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்கள்.

இன்னொன்று, ஃபிளஷ் டேங்க் டாய்லெட் 2.2, பேசின் 0.7, பாத்டப் 1.4 என்று ஷெட்யூல் ஒவ்வொன்றாகக் கூட்டி 4.3 தரும். அதே அட்டவணை ஒரு முழு பாத்ரூமுக்குக் கொடுப்பது 3.6தான். அடுக்குமாடி வீடு என்றால் இந்த வித்தியாசம் மாடிக்கு மாடி ஏறிக்கொண்டே போகும், பைப் சைஸே மாறலாம். அப்புறம், யூனிட்டை வரிக்கு வரி ஓட்ட அளவாக மாற்றிவிட்டு அந்தக் காலத்துக்கு டோட்டல் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் திறந்திருக்காது என்பதற்காகத்தானே 1940-இல் ஹன்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் யூனிட்டை ஓட்ட அளவாக மாற்றும் வளைகோட்டையே போட்டார்? முதலில் யூனிட்டைக் கூட்ட வேண்டும், பிறகுதான் மாற்ற வேண்டும்.

————

எண்ணிக்கையே இரண்டு மடங்காக வந்த கதை என்னிடம் இருக்கிறது. ஆர்க்கிடெக்ட் மாடல் எங்கள் மாடலோடு லிங்க்காக இணைந்திருக்கிறது, அதிலுள்ள டாய்லெட்டுகளை எங்கள் மாடலுக்கு காப்பி மானிட்டர் (நகலெடுத்து, மூலத்தில் மாற்றம் வந்தால் காட்டும் வசதி) செய்தாயிற்று. அதன் பிறகு யாரோ ஷெட்யூலில் லிங்க்கில் உள்ளதையும் எண்ணும் இன்க்ளூட் எலிமென்ட்ஸ் இன் லிங்க்ஸையும் டிக் செய்துவிட்டார்கள். ஒரே டாய்லெட் இரண்டு தடவை எண்ணிக்கையில் ஏறிவிட்டது, டோட்டல் பார்க்க ரொம்ப நேர்த்தியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

குறைவாக வந்தால் வேறு இடத்தில் தேடுங்கள். டாய்லெட் ஃபேமிலிக்குள் (ரெவிட்டில் ஒரு பொருளின் வார்ப்பு) வைத்த ஹெல்த் ஃபாசெட்டில் ஷேர்டு டிக் இல்லையென்றால் அது தனியாக எண்ணப்படாது. சில பேசின்களை ஃபர்னிச்சர் கேட்டகரியில் செய்திருப்பார்கள், அதுவும் வராது. பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலை என்றால் ஃபேஸ் ஃபில்டரை (பழையது, புதியது, இடிப்பது எதைக் காட்டுவது என்ற அமைப்பு) பாருங்கள், ஷோ ஆல் என்று இருந்தால் இடிக்கப்போகிறதும் சேர்ந்துவிடும்.

நான் செய்வது, சந்தேகம் வந்த வரியைத் தேர்வு செய்து ஹைலைட் இன் மாடல் கொடுத்துவிடுவேன். எந்தெந்த டாய்லெட் அந்த எண்ணுக்குள் இருக்கிறது என்று மாடலிலேயே காட்டிவிடும்.