‘பண்ணை’ வேண்டாம், களத்தோப்பி என்போம்

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

பெல்ஜியத்தின் செசோன் (saison) வகை பீருக்கு நம் கலைச்சொல் பட்டியலில் ‘பண்ணை பீர்’ என்ற பெயர் முன்மொழியப்பட்டிருக்கிறது. என்னால் இதை ஏற்க முடியவில்லை.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் பண்ணை என்றால் நிலக்கிழாரின் வீடு. பண்ணையாள் என்றால் அந்த வீட்டுக்குக் கட்டுப்பட்டு உழைத்தவர். அவர்களைக் காக்கத் தஞ்சை மாவட்டத்துக்கென்றே 1952இல் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. செசோனோ, பெல்ஜியத்தின் தென்பகுதியான வலோனியாவில் குளிர்காலத்தில் காய்ச்சி வைத்து, கோடையில் வயலில் இறங்கியவர்களுக்குக் கொடுத்த பானம் என்று அறியப்படுவது. உழைத்தவர் குடித்ததற்கு உடையவரின் பெயரையா சூட்டுவது?

பண்ணைக்குப் பதிலாக எங்களுக்குக் களம் இருக்கிறது. கதிர் அடித்ததும், மரக்காலால் கூலி நெல் அளந்ததும், நீராகாரம் குடித்ததும் அங்கேதான்.

அடுத்து, ‘பீர்’ என்ற சொல். தோப்பி என்பதற்கு நெல்லால் செய்த கள் என்றே உரை இருக்கிறது. ‘இல்லடு கள்ளின் தோப்பி’ என்கிறது பெரும்பாணாற்றுப்படை. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய உருத்திரங்கண்ணனாரின் பாட்டுத்தான் அதுவும். அரிசிக் கூழை ஆற்றி, முளை நெல்லைச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து ‘விளைந்த’ மதுவை அதே பாட்டில் விரிவாகச் சொல்கிறார். தானியத்தை முளைகட்டி மது செய்யும் முறை நமக்குப் புதிதல்ல. வயலில் நெல் விளைவதற்கும் சாடியில் மது விளைவதற்கும் ஒரே வினைச்சொல்! நொதித்தல் என்று மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறோமே என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

ஆகவே, களத்தோப்பி.

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவான ஹாப்பு (hop) என்பதன் பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம். நீண்ட கோடைப் பகல் கேட்கும் கொடி அது; இந்தியாவில் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் விளைகிறது, நம் ஆற்றுப்படுகையில் விளையாது. ஆனால் ‘ஹாப்பி’ (hoppy) என்ற ஒற்றைப் பெயரடையைத் தமிழில் இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும். பெங்களூருவில் ஒரு சிறு பீர் ஆலையில் செசோன் ஒன்றைச் சுவைத்தபோது இது எனக்குத் தெளிவானது. முதலில் மூக்கில் ஆரஞ்சுத் தோலின் வாசனை. பிறகு ஈஸ்ட் தரும் மிளகுக் காரம். விழுங்கிய பின்பே அடிநாக்கில் கசப்பு. ஹாப்புப் பூவை நெடுநேரம் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும், வாசனை போய்விடும். கடைசியில் போட்டால் வாசனை நிற்கும். ரசத்தை இறக்கும்போது கொத்தமல்லித் தழை தூவுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஹாப்புக் கசப்பு, ஹாப்பு மணம் என்று தனித்தனியாக எழுதுவோம்.

பீரின் சுவையைக் குறிக்கும் ‘டிரை’ (dry) என்பதற்கு ‘உலர்ந்த’ என்று எழுதியிருப்பதும் பொருந்தாது. ஈஸ்ட் சர்க்கரையை ஏறக்குறைய முழுவதும் தின்றுவிட்ட நிலை அது. ‘இனிப்பு வற்றிய’ என்கிறேன்.

‘களத்தோப்பி’ காதில் விழும்போது ‘கள்’ளும் சேர்ந்து ஒலிப்பதாக ஒருவர் தயங்கினார். ஒலிக்கட்டும், உறவுதானே. இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள். பண்ணையை மட்டும் விட்டுவிடுங்கள்.