அந்நியத் தொழிலாளர்களுக்காகப் பேசும் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

தோட்டத்து அம்மா:
வணக்கம். சுங்கை பட்டாணி பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். மகள் சட்டம் படித்து முடித்துவிட்டாள். கோலாலம்பூரில் ஒரு தொழிலாளர் அமைப்பில் சேர்ந்து, அந்நியத் தொழிலாளர்களின் வேலை பெர்மிட் விதிகளை மாற்றச் சொல்லி அமைச்சிலும் நாடாளுமன்றத்திலும் பேசப் போகிறேன் என்கிறாள். அவள் அப்பாவுக்குக் கோபம். "அந்நியத் தொழிலாளிகள் வந்துதான் நம்ம சம்பளம் ஏறல, அவங்களுக்கு நீ ஏன் பேசணும்?" என்கிறார். அனுப்பலாமா?

பழைய சங்கக்காரன்:
தங்கச்சி, அவர் கோபம் நியாயம்தான், ஆனால் ஆள் மாறிப் போய்விட்டது. நான் வேலை செய்த தோட்டத்தில் அந்நியத் தொழிலாளர்களின் கடப்பிதழ்கள் (பாஸ்போர்ட்) எல்லாம் ஆபீஸ் அலமாரியில், ஒரு பிஸ்கட் டின்னுக்குள் ரப்பர் பேண்ட் போட்டுக் கிடந்தன. பெர்மிட் முதலாளி பேரில் இருப்பதால் வேறு தோட்டத்துக்கு மாறவும் முடியாது, ஓடினால் கள்ளக்குடியேறி. நகர முடியாத ஆள் கையில் இருக்கும்போது நமக்கு எதற்குச் சம்பளம் ஏற்றுவான்? அடுத்தவர் கடப்பிதழை அனுமதியில்லாமல் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கிறது, விடாமல் கேட்கத்தான் ஆள் இல்லை.

பீடோங் அக்கா:
நமக்கும் இதே நடந்ததை மறந்துவிட்டோம். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, 30 வருஷம் பால்மரம் வெட்டிய என் தாத்தா ஒரே ஒரு தகரப் பெட்டியோடு பினாங்கில் கப்பல் ஏறினார். பாட்டி பிள்ளைகளோடு இங்கேயே தங்கிவிட்டார், சாகும்வரை குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டுதான்.

கே.எல். வழக்கறிஞர்:
அம்மா, ஐரின் பெர்னாண்டஸ் பற்றி மகளைப் படிக்கச் சொல்லுங்கள். ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுத் தொழிலாளர் பக்கம் வந்தவர். தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டிருந்த அந்நியத் தொழிலாளர்கள் 300க்கும் மேற்பட்டவர்களின் வாக்குமூலங்களை வைத்து 1995இல் மகஜர் (கோரிக்கை மனு) கொடுத்தார், மறு வருஷமே அவர் மேல் வழக்கு. 2003இல் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது, மேல்முறையீட்டில் 2008இல்தான் விடுதலை. அதனால் சுலபமான வேலை என்று பொய் சொல்ல மாட்டேன். சம்பளமும் குறைவு, பாதி நாள் அமைச்சு வாசலில் காத்திருப்பதிலேயே போகும். ஆனால் அந்நியத் தொழிலாளர்களுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் லெவி வரியை முதலாளியே கட்ட வேண்டும் என்பது 2018இல் வந்தது, வேலையில் விபத்து நடந்தால் உதவும் சொக்சோ காப்புறுதி அந்நியத் தொழிலாளர்களுக்கும் 2019இல் வந்தது. இரண்டும் தொழிலாளர் தரப்பு பல வருஷம் கேட்டவை. மகள் மலாயில் மகஜர் எழுதப் பழகட்டும், அப்புறம் கொஞ்சம் வங்காளமோ நேப்பாளியோ கற்றுக்கொள்ளட்டும்.

தோட்டத்து அம்மா:
எல்லாருக்கும் நன்றி. அவரிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். பெர்மிட் விஷயத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். சரி, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் பெண்பிள்ளைகள் தங்க நல்ல அறை தெரிந்தால் சொல்லுங்களேன்.