கொடியைப் பிடுங்கிய பிறகும் திராட்சைத் தோட்டத்தில் வைரஸ் திரும்புவது ஏன்?

கேள்வி
கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களைத் தாக்கும் விசிறி இலை வைரஸைப் பற்றிப் பாடத்துக்காகப் படித்து வருகிறேன். இலை விசிறிபோல் மடிந்து, கணுக்கள் நெருங்கி, குலையில் காய் சரியாகப் பிடிக்காத கொடிகளைப் பிடுங்கிவிட்டு நோயற்ற கன்றுகளை நட்டாலும், சில ஆண்டுகளில் அதே நோய் தென்படுகிறது. அசுவினியோ வெள்ளை ஈயோ இதைப் பரப்புவதில்லை என்றால், இடைப்பட்ட காலத்தில் வைரஸ் எங்கே தங்கியிருக்கிறது?

மறுமொழி 1
மண்ணில்தான். ஸிஃபினிமா இண்டெக்ஸ் என்னும் நூற்புழு இந்த வைரஸைக் கடத்துகிறது என்று 1958இல் கலிபோர்னியாவில் ஹெவிட், ராஸ்கி, கோகீன் ஆகிய ஆய்வாளர்கள் நிறுவினார்கள். மண்வாழ் நூற்புழு ஒன்று பயிர் வைரஸைப் பரப்புவது அப்போதுதான் முதன்முதலாக உறுதியானது. ஏறத்தாழ 3 மி.மீ. நீளமுள்ள இப்புழு, ஊசி போன்ற வாயுறுப்பை வேர் நுனியில் செலுத்திச் சாற்றை உறிஞ்சும்போது, வைரஸ் அதன் உணவுக்குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த வேரைக் குத்தும்போது உமிழ்நீரோடு உள்ளே போய்விடுகிறது. புழுவின் உடலில் வைரஸ் பெருகுவதில்லை, முட்டைக்கும் போவதில்லை. இளம்புழு சட்டை உரிக்கையில் உணவுக்குழாயின் உட்தோலும் கழன்றுவிடுவதால், வைரஸும் அதோடு போய்விடும்.

கேட்டவர்
மிக்க நன்றி ஐயா. அப்படியானால் ஓராண்டு தரிசாக விட்டாலே மண் சுத்தமாகிவிடாதா?

மறுமொழி 2
ஆகாது. கொடியைப் பிடுங்கும்போது ஆழத்தில் அறுந்து நிற்கும் வேர்த்துண்டுகள் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும், அவற்றுக்குள் வைரஸும் இருக்கும். புழு அதையே உண்டு வாழ்ந்து, புதுக்கன்றின் வேர் வந்ததும் அதற்கு மாறுகிறது. திராட்சை வேரே இல்லாமல் சேமித்து வைத்த மண்ணில்கூட, 4 ஆண்டுகளுக்குப் பிறகு வைரஸைச் சுமந்த உயிருள்ள புழுக்கள் கிடைத்ததாகப் பிரெஞ்சு ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே, புழுவைக் கொல்லும் மருந்தைத் தேடுவதற்கு முன், எஞ்சிய வேரைத் தோண்டி எடுப்பதே முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து. மண்ணுக்குள் செலுத்தும் புகைமருந்து அந்த ஆழம் வரை சீராகச் சென்று சேர்வதில்லை.

மறுமொழி 3
ஒட்டுக்கட்டும் வேர்ச்செடியையும், அதாவது மேலே ஒட்டப்படும் கொடிக்கு வேராக அமையும் செடியையும், சேர்த்துச் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ஓ39-16 என்ற வேர்ச்செடி இப்புழுவை நன்கு எதிர்க்கிறது. ஆனாலும் வைரஸ் கொடிக்குள் நுழைந்துவிடும். நுழைந்த பிறகும் காய்ப்பிடிப்பு பெரிதாகக் குறைவதில்லை என்பதே அதன் பயன். இதை ‘நோய் வராத கன்று’ என்று எழுதிவிடாதீர்கள்.

ஆய்வுக்கு மண் எடுப்பதாக இருந்தால், மேல்மண்ணை விடுத்து வேர்ப்பகுதியிலிருந்து ஈரத்தோடு எடுங்கள். வேர் நுனி வீங்கிக் கொக்கிபோல் வளைந்திருக்கும் இடத்து மண்ணாக இருந்தால் நல்லது. பையைக் குலுக்காமல், வெயில் படாமல் கொண்டு செல்லுங்கள். உடல் நீண்ட இப்புழுக்கள் முரட்டுக் கையாளலைத் தாங்காமல் செத்துவிடும், பிறகு மண்ணில் புழுவே இல்லை என்று தவறான முடிவு வந்துவிடும்.